இரகுநாத நாயக்கர்

இரகுநாத நாயக்கர் (ஆட்சிக்காலம்: 1600–1634) தஞ்சாவூரைத் தலைநகராகக் கொண்டு சோழநாட்டை ஆண்ட நாயக்க மன்னர்களுள் மூன்றாமவர் ஆவார். போர்வீரர், தெலுங்குப் புலவர், வீணைக் கலைஞர், கோயில் திருப்பணிகள் செய்தவர் எனப் பல நிலைகளில் அறியப்படுகிறார். தரங்கம்பாடியில் டேனியர்கள் குடியேற இடமளித்தவரும் இவரே. கருநாடக இசை வரலாற்றில் இவரது பெயர் வீணையோடு சேர்த்தே பேசப்படுகிறது. தண்டியின் மீது 24 மெட்டுகள் நிலையாகப் பதிக்கப்பெற்ற தஞ்சாவூர் வீணை இவரது அரசவையில் உருப்பெற்றது என்பது மரபு. இவரது பெயரால் இரகுநாதமேள வீணை என ஒரு வீணை வகையே இசை நூல்களில் குறிக்கப்படுகிறது. இராகத்துக்கு இராகம் மெட்டுகளை நகர்த்த வேண்டாத இவ்வமைப்பு, பின்னர் வந்த 72 மேளகர்த்தா முறைக்கு வழிகோலிய காரணிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

பின்னணி

தஞ்சாவூர் நாயக்கர் ஆட்சி விசயநகரப் பேரரசின் கீழ் 1532ஆம் ஆண்டளவில் தொடங்கியது. முதல் நாயக்கரான சேவப்ப நாயக்கர், விசயநகரப் பேரரசர் அச்சுத தேவராயரின் மைத்துனி முறையான மூர்த்திமாம்பாவை மணந்தவர். அவருக்குப் பின் அவருடைய மகன் அச்சுதப்ப நாயக்கர் ஆண்டார். அச்சுதப்பரின் மகனே இரகுநாதர்.

1565இல் நிகழ்ந்த தலைக்கோட்டைப் போருக்குப் பின் விசயநகரப் பேரரசு தளர்ந்தது. மதுரை, செஞ்சி நாயக்கர்கள் தன்னாட்சியை நாடினர். தஞ்சை நாயக்கர்களோ பேரரசருக்குக் கட்டுப்பட்டவர்களாகவே நெடுங்காலம் இருந்தனர். இரகுநாதரின் அரசியல் நடவடிக்கைகளைப் புரிந்துகொள்ள இந்நிலையை மனத்தில் கொள்ளுதல் வேண்டும்.

இளமையும் கல்வியும்

சேவப்பர், அச்சுதப்பர், இரகுநாதர் ஆகிய மூவருக்கும் அமைச்சராக விளங்கியவர் கோவிந்த தீட்சிதர். கன்னட அந்தணரான இவர் மீமாஞ்சை, அத்துவைதம், இசை ஆகியவற்றில் தேர்ந்தவர். மக்கள் இவரை ஐயன் என்று அழைத்தனர். ஐயன்கடைத் தெரு, ஐயம்பேட்டை முதலிய பெயர்கள் இவரது நினைவாக வழங்குவதாகக் கூறப்படுகிறது. கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களும் இவரது திருப்பணியாகும். இரகுநாதரின் கல்வியில் கோவிந்த தீட்சிதரின் பங்கு பெரிது.

இளவரசராக இருந்தபோதே இரகுநாதர், கோல்கொண்டா சுல்தானின் படைகளுக்கு எதிராகப் பேரரசர் இரண்டாம் வேங்கடருக்குத் துணையாகப் போரிட்டார் என அவரது அவைப்புலவர்களின் காவியங்கள் கூறுகின்றன. 1600ஆம் ஆண்டளவில் தந்தையார் இவரை ஆட்சிப் பொறுப்பில் அமர்த்தினார். எனவே தந்தையும் மகனும் சில காலம் இணைந்து ஆண்டதாகக் கொள்ளப்படுகிறது.

போர்களும் அயலுறவும்

தோப்பூர்ப் போர்

1614இல் பேரரசர் இரண்டாம் வேங்கடர் இறந்தார். அவரால் வாரிசாக நியமிக்கப்பட்ட இரண்டாம் சிறீரங்கரையும் அவருடைய குடும்பத்தினரையும் சக்கராயர் என்னும் பிரபு சிறைப்படுத்திக் கொன்றார். இரண்டாவது மகனான இராமதேவர் மட்டும் தப்புவிக்கப்பட்டார். இச்சிறுவனைக் காத்தவர் யாச்சம நாயக்கர். சக்கராயருக்கு மதுரை நாயக்கரும் செஞ்சி நாயக்கரும் துணை நின்றனர். யாச்சமர் பக்கம் நின்றவர் இரகுநாதர் ஒருவரே.

இரு தரப்பினரும் 1616ஆம் ஆண்டின் இறுதியில் தோப்பூரில் மோதினர். சக்கராயர் போர்க்களத்தில் கொல்லப்பட்டார். பின்னர் இராமதேவருக்குக் கும்பகோணத்தில் இரகுநாதர் முடிசூட்டினார் எனக் கூறப்படுகிறது. போரின்போது எதிர்த்தரப்பினர் காவிரியின் கரையை உடைத்ததாகவும், அதனை இரகுநாதர் செப்பனிட்டதாகவும் அவைக் காவியங்கள் குறிப்பிடுகின்றன.

இப்போர் நிகழ்ந்த தோப்பூர், திருச்சிராப்பள்ளிக்கும் கல்லணைக்கும் அண்மையில் காவிரிக் கரையில் அமைந்த இடமாகும். சேலம் மாவட்டம் ஓமலூரில் இருந்து தருமபுரி செல்லும் வழியில், கணவாய்ச் சாலையால் அறியப்படும் தொப்பூர் வேறு ஊர். பெயர் ஒற்றுமை காரணமாக இவ்விரண்டும் குழப்பிக்கொள்ளப்படுவதுண்டு.

யாழ்ப்பாணம்

யாழ்ப்பாண அரசின் இறுதி மன்னரான சங்கிலி குமாரன், போர்த்துக்கேயருக்கு எதிராக இரகுநாதரிடம் படையுதவி பெற்றார். தஞ்சையில் இருந்து படைகள் கடல் கடந்து சென்றன. ஆயினும் 1619இல் பிலிப்பே டி ஒலிவேரா தலைமையிலான போர்த்துக்கேயப் படை யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது. அதன் பின்னரும் தஞ்சையில் இருந்து அனுப்பப்பட்ட படைகளால் அதனை மீட்க இயலவில்லை. கொள்ளிடக் கழிமுகத்தில் இருந்த தேவிக்கோட்டையின் தலைவன் சோழகனை இரகுநாதர் வென்றதும் அவரது கடற்கரை நடவடிக்கைகளுள் குறிப்பிடத்தக்கது.

தரங்கம்பாடி

1620 நவம்பரில் டேனிசுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் வந்த ஓவே கெட்டே என்பவருடன் இரகுநாதர் உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்படி தரங்கம்பாடியில் கோட்டை கட்டவும் வணிகம் செய்யவும் டேனியர்கள் உரிமை பெற்றனர். அங்கு எழுந்ததே டேன்சுபோர்க் கோட்டை. டென்மார்க் மன்னர் நான்காம் கிறித்தியானுக்கு இரகுநாதர் பொன்னேட்டில் எழுதி அனுப்பிய தமிழ் ஓலை டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் இதே ஊரில் சீகன்பால்கு நிறுவிய அச்சகத்தில் தமிழ் விவிலியத்தின் புதிய ஏற்பாடு அச்சேறியது.

கோயில் திருப்பணி

கும்பகோணம் இராமசாமி கோயில் இரகுநாதர் பெயரோடு தொடர்புடைய கோயில்களுள் முதன்மையானது. இங்கு இராமரும் சீதையும் ஒரே இருக்கையில் முடிசூட்டுக் கோலத்தில் காட்சியளிக்கின்றனர். மண்டபத் தூண்கள் நுண்ணிய சிற்பங்கள் கொண்டவை. திருச்சுற்றின் சுவர்களில் இராமாயணக் கதை ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளது. இக்கோயிலில் அனுமன் கையில் வீணையுடன் விளங்குவது பிற இடங்களில் அரிதாகக் காணப்படும் அமைப்பாகும்.

இலக்கியப் பணி

இரகுநாதர் தெலுங்கில் பல நூல்களை இயற்றினார். அவற்றுள் சில:

வால்மீகி சரித்திரமு
பாரிசாதாபகரணமு
நளசரித்திரமு
அச்சுதாப்யுதயமு (தந்தையைப் பற்றியது)
இரகுநாத இராமாயணமு

இவரது அவையில் பெண்பாற் புலவர்களும் சிறப்புடன் விளங்கினர். இராமபத்திராம்பா, இரகுநாதரின் வாழ்வையும் வெற்றிகளையும் பாடும் இரகுநாதாப்யுதயம் என்னும் சமசுகிருதக் காவியத்தை இயற்றினார். மதுரவாணி, இரகுநாதரின் தெலுங்கு இராமாயணத்தைத் தழுவிச் சமசுகிருதத்தில் காவியம் செய்தார். கோவிந்த தீட்சிதரின் மகன் யக்ஞநாராயண தீட்சிதர் இயற்றிய சாகித்திய ரத்னாகரமும், சேமகூர வேங்கடகவி தெலுங்கில் இயற்றி இரகுநாதருக்குக் காணிக்கையாக்கிய விசயவிலாசமும் இக்காலத்தின் பிற சிறந்த நூல்கள். இரகுநாதரைப் பற்றிய செய்திகளில் பெரும்பகுதி இத்தகைய புகழ்ச்சிக் காவியங்கள் வாயிலாகவே கிடைக்கிறது என்பதால், அவற்றைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டியுள்ளது.

இசைப் பணி

இரகுநாதர் வீணை வாசிப்பில் வல்லவர் என அவைப்புலவர்கள் பாடியுள்ளனர். செயந்தசேனை என்னும் இராகத்தையும் இராமானந்தம் என்னும் தாளத்தையும் இவர் உருவாக்கினார் என்று கூறப்படுகிறது.

சங்கீத சுதா என்னும் சமசுகிருத இசை நூல் இரகுநாதரின் பெயரில் அமைந்துள்ளது. ஆயினும் இந்நூலைத் தம் தந்தையாரின் படைப்பாகவே கோவிந்த தீட்சிதரின் மகன் வேங்கடமகி குறிப்பிடுகிறார். எனவே அமைச்சர் மன்னரின் பெயரால் எழுதிய நூல் இது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. 15 மேளங்களையும் 50 இராகங்களையும் வித்தியாரணியரின் மரபை ஒட்டி இந்நூல் விளக்குகிறது. சென்னை மியூசிக் அகாதெமி இதனை 1940இல் பதிப்பித்தது.

வீணையில் ஏற்பட்ட மாற்றம்

முன்னிருந்த வீணைகள்

வீணை என்னும் சொல் பழங்காலத்தில் நரம்புக் கருவிகள் பலவற்றுக்கும் பொதுவாக வழங்கியது. மெட்டுகள் கொண்ட தண்டி வீணைகள் இடைக்காலத்தில் பரவின. கோயிற் சிற்பங்களில் இவை பெரும்பாலும் மார்பின் குறுக்கே சாய்த்துப் பிடிக்கப்பட்டிருக்கக் காணலாம்.

இவ்வீணைகளில் மெட்டு அமைக்கும் முறைகள் இரண்டு இருந்தன. ஏகராக மேளம் என்பது ஒன்று. இம்முறையில் வாசிக்கவிருக்கும் இராகத்துக்குத் தேவையான சுரங்களுக்கு ஏற்ப மெட்டுகள் வைக்கப்படும். வேறு இராகம் வாசிக்க வேண்டுமாயின் மெட்டுகளை நகர்த்த வேண்டும். மற்றொன்று சர்வராக மேளம். இதில் எல்லாச் சுரத்தானங்களுக்கும் உரிய மெட்டுகள் நிலையாகப் பதிக்கப்படும். எந்த இராகத்தையும் மெட்டுகளைத் தொடாமலேயே வாசிக்கலாம்.

மெட்டுகளை நிலையாகப் பதிக்கும் எண்ணம் இரகுநாதருக்கு முன்பே தோன்றிவிட்டது. 1550இல் இராமாமாத்தியர் எழுதிய சுவரமேளகலாநிதி இதனை விரிவாக ஆராய்கிறது. தஞ்சை அரசவையில் நிகழ்ந்தது, இவ்வெண்ணம் முழுமை பெற்று, பின்வந்தோர் அனைவரும் பின்பற்றிய ஒரு வடிவமாக நிலைபெற்றமையே ஆகும்.

மெட்டுகளின் கணக்கு

தஞ்சாவூர் வீணையில் நான்கு வாசிப்புத் தந்திகளும் மூன்று தாளத் தந்திகளும் உள்ளன. வாசிப்புத் தந்திகள் நான்கும் ஒரே 24 மெட்டுகளின் மேலாகச் செல்கின்றன. தாளத் தந்திகள் தண்டியின் பக்கவாட்டில் அமைந்தவை. ஒரு தாயிக்கு (எண்மத்துக்கு) 12 சுரத்தானங்கள் என்பதால், 24 மெட்டுகள் ஒவ்வொரு தந்தியிலும் இரண்டு தாயிகளைத் தருகின்றன.

மெட்டுகளுக்கு இடையே உள்ள தொலைவு சமமானதன்று. தலைப்பக்கத் தாங்கியான மேருவில் இருந்து குதிரை வரை தந்தியின் நீளம் 80 செ.மீ. எனக் கொள்வோம். தந்தி தனித்து ஒலிக்கும் சுரம் சட்சம் எனில், நான்கில் ஒரு பங்கு தள்ளி, அதாவது மேருவில் இருந்து 20 செ.மீ. தொலைவில் 5ஆவது மெட்டாகச் சுத்த மத்திமம் அமையும். மூன்றில் ஒரு பங்கில், சுமார் 26.7 செ.மீ. தொலைவில், 7ஆவது மெட்டாகப் பஞ்சமம் அமையும். சரிபாதியான 40 செ.மீ.யில் 12ஆவது மெட்டு மேல் சட்சத்தைத் தரும். 24ஆவது மெட்டு 60 செ.மீ.யில் வரும். முதல் தாயி 40 செ.மீ. இடத்தில் பரவ, இரண்டாம் தாயி 20 செ.மீ. இடத்துக்குள் அடங்கிவிடுகிறது. குடத்தை நெருங்க நெருங்க மெட்டுகள் நெருக்கமாக இருப்பதன் காரணம் இதுவே.

நிலையான மெட்டுகளில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே மெட்டு நான்கு தந்திகளுக்கும் பொதுவானது. அவையோ சட்சம், பஞ்சமம் எனச் சுருதி மாற்றிக் கட்டப்பட்டவை. சட்சத் தந்தியில் 2ஆவது மெட்டை 9:8 என்னும் விகிதத்தில் சதுச்சுருதி ரிடபத்துக்கு வைத்தால், அதே மெட்டு பஞ்சமத் தந்தியில் 27:16 என்னும் விகிதத்தில் தைவதத்தைத் தருகிறது. சட்சத் தந்தியின் 9ஆவது மெட்டைக் காதுக்கு இனிய 5:3 என்னும் விகிதத்தில் வைத்தால் அங்கும் தைவதம் கிடைக்கிறது. ஆனால் இவ்விரு தைவதங்களும் 81:80 என்னும் அளவுக்கு வேறுபடும். பயிற்சி பெற்ற செவி இதனை உணரும். ஏகராக மேளத்தில் வாசிப்பவர் இராகத்துக்கு ஏற்ப மெட்டைத் தள்ளிவைத்து இதனைச் சரிசெய்துகொள்ளலாம். சர்வராக மேளத்தில் எல்லாத் தந்திகளுக்கும் ஓரளவு பொருந்தும் இடத்தைச் செவியால் தேர்ந்து மெட்டைப் பதிக்க வேண்டும். எந்த இராகத்தையும் வாசிக்கும் வசதிக்காகக் கொடுக்கப்பட்ட விலை இது எனலாம்.

இவ்விலையைப் பெருமளவு ஈடுசெய்வது கமகம். வீணையில் தந்தியை மெட்டின் மீது பக்கவாட்டில் இழுக்கும்போது அதன் இழுவிசை கூடிச் சுரம் உயர்கிறது. ஒரே மெட்டில் இருந்து அடுத்தடுத்த சுரங்களையும் அவற்றின் இடைப்பட்ட நுண்சுருதிகளையும் இவ்வாறு பெற முடியும். மெட்டு தருவது ஒரு தொடக்கப் புள்ளியே. சுரத்தின் நுண்மையை முடிவுசெய்வது வாசிப்பவரின் விரல்.

மெழுகும் மெட்டும்

வீணையின் மெட்டுகள் பித்தளை முதலிய உலோகத்தால் ஆனவை. அவை தண்டியின் பலகையில் நேரடியாக அறையப்படுவதில்லை. தண்டியின் இரு ஓரங்களிலும் தேன்மெழுகு, குங்கிலியம், கரித்தூள் ஆகியன கலந்த கரிய மெழுகினால் இரண்டு வரம்புகள் எழுப்பப்படுகின்றன. மெட்டுகள் இவ்வரம்புகளின் மேல் பாலம் போலப் பதிகின்றன. இதனால் மெட்டுகளுக்குக் கீழே இடைவெளி கிடைக்கிறது. விரல் பலகையில் உராயாமல் தந்தியை அழுத்தவும் இழுக்கவும் இவ்வமைப்பு துணைபுரிகிறது.

மெழுகு வெப்பத்தில் இளகும். நாளடைவில் மெட்டுகள் இடம் பெயரும். எனவே அவ்வப்போது மெழுகைப் புதுப்பித்து மெட்டுகளை மீண்டும் பதிக்க வேண்டும். இவ்வேலைக்கு மேளம் கட்டுதல் என்று பெயர். இது முழுவதும் செவியை நம்பிச் செய்யப்படும் நுண்ணிய வேலையாகும். இரகுநாதமேளம் என்பதில் வரும் மேளம் இம்மெட்டமைப்பையே குறிக்கிறது. தவில் முதலிய கொட்டுக் கருவிகளைக் குறிக்கும் மேளத்தோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது.

தண்டியும் குடமும்

தஞ்சாவூர் வீணை பலா மரத்தால் செய்யப்படுகிறது. நன்கு முதிர்ந்து உலர்ந்த மரமே பயன்படும். பண்ருட்டிப் பகுதிப் பலா மரம் இதற்குப் பெயர் பெற்றது. குடம், தண்டி இரண்டும் உள்ளே குடையப்பட்டு மேலே பலகையால் மூடப்படுகின்றன. தண்டியின் முனை யாளி முகமாகச் செதுக்கப்படுகிறது.

குடத்தையும் தண்டியையும் ஒரே மரத்தில் குடைந்து செய்யும் வீணை ஏகாண்ட வீணை எனப்படும். தனித்தனியே செய்து இணைக்கப்படுவது ஒட்டு வீணை. ஏகாண்ட வீணையில் அதிர்வு தடையின்றிப் பரவுகிறது எனக் கலைஞர்கள் அதனை விரும்புவர். ஆனால் அதற்குப் பெரிய மரமும் கூடுதல் உழைப்பும் தேவை. ஒட்டு வீணையில் மரம் மிச்சமாகிறது. பழுதான பகுதியை மட்டும் மாற்றவும் இயலும்.

உடலுக்கு இசைந்த வடிவம்

வாசிப்பவர் சம்மணமிட்டு அமர்ந்து, குடத்தைத் தம் வலப்பக்கம் தரையில் இருத்தி, தண்டியை மடிக்குக் குறுக்காகக் கிடத்துகிறார். யாளி முகத்துக்கு அருகே தண்டியின் அடியில் பொருத்தப்பட்ட சுரைக்குடுக்கை இடத்தொடையின் மீது படிகிறது. கருவியின் எடையைத் தரையும் தொடையும் தாங்குவதால் இடக்கை எதனையும் சுமக்க வேண்டியதில்லை. கை தண்டியின் நெடுகிலும் தடையின்றி நகரும். வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வாசிப்புத் தந்திகளை மீட்ட, சுண்டுவிரல் தாளத் தந்திகளைக் கவனித்துக்கொள்கிறது.

தந்தியைப் பல சுரங்கள் வரை இழுத்து வாசிப்பதற்கு இந்த விடுதலை இன்றியமையாதது. சாய்த்துப் பிடிக்கும் வீணையில் இடக்கை ஓரளவு தண்டியைத் தாங்கவும் வேண்டியிருக்கும். கிடைநிலை வடிவம் ஒரே நாளில் தோன்றியதன்று. படிப்படியாக ஏற்பட்ட மாற்றங்களின் விளைவாகவே அது தென்னாட்டில் நிலைபெற்றது.

வேங்கடமகியும் 72 மேளங்களும்

இரகுநாதரின் மகன் விசயராகவ நாயக்கர் காலத்தில், அவரது வேண்டுகோளுக்கு இணங்கி வேங்கடமகி சதுர்த்தண்டிப் பிரகாசிகை என்னும் நூலை எழுதினார். இங்குத் தண்டி என்பது வீணையின் தண்டி அன்று. ஆலாபம், தாயம், கீதம், பிரபந்தம் ஆகிய நான்கையும் இசையைத் தாங்கும் தூண்களாகக் கொண்டு இட்ட பெயர் இது. ஆயினும் நூலின் முதல் இயலே வீணையைப் பற்றியது. சுத்தமேள வீணை, மத்தியமேள வீணை, இரகுநாதமேள வீணை ஆகிய மூன்றையும் அதில் விளக்கிய பின்னரே வேங்கடமகி சுருதி, சுரம், மேளம் ஆகியவற்றுக்குச் செல்கிறார்.

மேள இயலில் 12 சுரத்தானங்களைக் கொண்டு எத்தனை மேளங்கள் இயலும் என்பது கணக்கிடப்படுகிறது. ரிடப-காந்தாரச் சேர்க்கைகள் 6. தைவத-நிடாதச் சேர்க்கைகள் 6. மத்திமங்கள் 2. இவற்றைப் பெருக்க 72 கிடைக்கிறது. அன்று வழக்கில் இருந்த மேளங்கள் 19 மட்டுமே என அவரே குறிப்பிடுகிறார். எஞ்சியவை அன்று வெறும் கணக்கு மட்டுமே.

எல்லாச் சுரத்தானங்களும் ஒரே தண்டியின் மீது வரிசையாகக் கண்முன் இருக்கும் கருவி ஒன்று கையில் இருந்தமை இக்கணக்குக்குத் துணை செய்திருக்கும் எனக் கருத இடமுண்டு. பிற்காலத்தில் முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) முதலியோர் இந்த மேளங்களில் உருப்படிகள் இயற்றி அவற்றுக்கு உயிர் கொடுத்தனர். முத்துசுவாமி தீட்சிதரும் வீணைக் கலைஞர் என்பது குறிப்பிடத்தக்கது. சதுர்த்தண்டிப் பிரகாசிகையைச் சென்னை மியூசிக் அகாதெமி 1934இல் பதிப்பித்தது.

யாருடைய ஆக்கம்?

24 மெட்டு வீணையை உருவாக்கியவர் இரகுநாதர் எனச் சிலரும், கோவிந்த தீட்சிதர் எனச் சிலரும் எழுதியுள்ளனர். சங்கீத சுதாவின் ஆசிரியர் யார் என்னும் கேள்வியோடு இதுவும் பிணைந்துள்ளது. கொள்கையளவில் இராமாமாத்தியர் முன்னோடி ஆவார். இசையியல் நுட்பங்களில் தீட்சிதரின் பங்கு பெரிதாக இருந்திருக்கும். மன்னரும் வீணை வாசிப்பவர் என்பதால் அவரைப் பெயரளவில் மட்டும் புரவலராகக் கொள்வதும் பொருந்தாது.

இம்மூவருக்கும் அப்பால், பலா மரத்தைக் குடைந்து, மெழுகு காய்ச்சி, செவியால் மெட்டுப் பதித்த தச்சர்கள் இருந்தனர். அவர்கள் பெயர்களை எந்தக் காவியமும் பாடவில்லை. மன்னரின் பெயர் வீணைக்கு வாய்த்தது. அவ்வீணையை நானூறு ஆண்டுகளாகக் கைவிடாது காத்து வந்தவர்கள் கைவினைஞர்களே.

பிற கருவிகளுடன் ஒப்பீடு

நிலையான மெட்டுகளால் ஒரு கருவியின் பயன்பாடு மாறியதற்கு மேலைநாட்டிலும் எடுத்துக்காட்டு உண்டு. 1951இல் அமெரிக்காவின் லியோ பெண்டர் பிரெசிசன் பேசு என்னும் மின் பேசு கிட்டாரை வெளியிட்டார். அதற்கு முன் தாழ்சுரம் வாசிக்கப் பயன்பட்ட இரட்டைப் பேசு, நின்றபடி வாசிக்கப்படும் பெரிய, மெட்டில்லாத கருவி. பெண்டரின் கருவியில் தந்தியின் நீளம் 34 அங்குலம். மெட்டுகள் இருந்தமையால் சுரம் பிசகாமல் வாசிக்க முடிந்தது. துல்லியம் என்னும் பொருள்படும் அதன் பெயரே இதனைச் சுட்டுவது.

கழுத்தின் கட்டுமானத்திலும் ஒற்றுமைகள் உள்ளன. பெண்டர் கழுத்தைத் தனியே செய்து திருகாணிகளால் உடலோடு பொருத்தினார். இது ஒட்டு வீணையை ஒத்தது. கழுத்து மரம் உடலின் ஊடாக இறுதிவரை செல்லும் பேசு கிட்டார்களும் உண்டு. இவை ஏகாண்ட வீணையை நினைவூட்டுபவை. தோளில் தொங்கவிடும் பேசு கிட்டாரில் கழுத்தின் எடையால் தலைப்பக்கம் தாழும் குறை ஏற்படுவதுண்டு. உடலின் மேற்கொம்பை நீட்டி இதனைச் சமன்செய்கின்றனர். வீணையில் இப்பணியைச் சுரைக்குடுக்கையும் தொடையும் செய்கின்றன.

வேறுபாடும் உண்டு. கிட்டாரின் மெட்டுகள் மரத்தில் அறையப்பட்டவை, எளிதில் மாற்ற இயலாதவை. வீணையின் மெட்டுகள் நிலையானவையாயினும் மெழுகில் இருப்பதால் மீண்டும் திருத்தக்கூடியவை. மெட்டே இல்லாத பேசு கிட்டார்கள் பின்னர் வந்தது போல, வீணைக் குடும்பத்திலும் மெட்டில்லாத கோட்டுவாத்தியம் (சித்திரவீணை) வழங்குகிறது.

வீணையின் குதிரை அமைப்பை 1921இல் ச. வெ. இராமன் ஆராய்ந்தார். குதிரையின் வளைந்த மேற்பரப்பில் தந்தி தொட்டுத் தொட்டு அதிர்வதே வீணையின் செறிந்த ஒலிக்குக் காரணம் என அவரது ஆய்வு காட்டியது.

மறைவும் பின்னரும்

இரகுநாதரின் ஆட்சி 1634இல் முடிவுற்றதாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அவருக்குப் பின் விசயராகவ நாயக்கர் ஆண்டார். 1673இல் மதுரை சொக்கநாத நாயக்கரின் படையெடுப்பில் விசயராகவர் கொல்லப்பட்டார். சில ஆண்டுகளில் தஞ்சை மராத்தியரான ஏகோசியின் கைக்கு வந்தது. நாயக்கர் காலத்து ஏட்டுச் சுவடித் தொகுப்பு மராத்திய மன்னர்களால் வளர்க்கப்பட்டு இன்று சரசுவதி மகால் நூலகமாக விளங்குகிறது.

இரகுநாதர் காத்து நின்ற பேரரசு அவருக்குப் பின் நெடுநாள் நிலைக்கவில்லை. அவர் மீட்க முயன்ற யாழ்ப்பாணம் மீளவில்லை. அவர் இடமளித்த தரங்கம்பாடி 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. ஆனால் அவரது பெயரைத் தாங்கிய மெட்டமைப்பு இன்றும் வீணைகளில் பதிக்கப்பட்டு வருகிறது. 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

இவற்றையும் பார்க்க

தஞ்சாவூர் நாயக்கர்கள்
கோவிந்த தீட்சிதர்
வேங்கடமகி
வீணை
மேளகர்த்தா இராகங்கள்
கோட்டுவாத்தியம்
யாழ்ப்பாண அரசு
தரங்கம்பாடி